கராத்தே, ஜூடோ, டேக்வாண்டோ பெல்ட்: பெற்றோரும் மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிரேடிங் என்ற பெல்ட் பரீட்சை நெருங்கினாலே வகுப்பு வாசலில் ஒரே மாதிரியான சந்தேகங்கள் சுற்றி வரும். கேட்பவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே அந்தக் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பெல்ட் விஷயத்தில் எல்லாக் கலைக்கும் பொருந்தும் பொது விதி கிடையாது. அதனால் எந்தக் கலை, எந்த அமைப்பு என்று பெயரைச் சொல்லியே பதில் எழுதியிருக்கிறோம்.

கராத்தேல மொத்தம் எத்தனை பெல்ட்? எதுல ஆரம்பிச்சு எதுல முடியும்?

நிறங்களை எண்ணுவதற்கு முன்னால் படிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். கருப்பு பெல்ட்டுக்குக் கீழே இருப்பவை கியூ படிகள். இவை இறங்குவரிசையில் போகும்: புதிதாகச் சேர்ந்தவர் 10-ஆம் கியூ, கருப்புக்கு ஒரு படி கீழே நிற்பவர் 1-ஆம் கியூ. கருப்பு பெல்ட்டிலிருந்து டான் தொடங்கும். அது 1, 2, 3 என்று ஏறும். "7-ஆம் கியூவிலிருந்து 6-க்கு வந்துட்டான், குறைஞ்சிடுச்சே" என்று கவலைப்படும் பெற்றோர் உண்டு. குறையவில்லை, ஒரு படி ஏறியிருக்கிறான்.

ஷோட்டோகான் என்ற கராத்தே ஸ்டைல் வகுப்புகளில் பொதுவாகக் காணும் வரிசை வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, அப்புறம் நீலமோ ஊதாவோ, பிறகு பிரவுன், கடைசியில் கருப்பு. நடுவில் உள்ள நிறங்கள் சங்கத்துக்குச் சங்கம் மாறும். 3, 2, 1 ஆகிய மூன்று கியூவுக்கும் பிரவுன் என்பதை மட்டும் பெரும்பாலான ஷோட்டோகான் வகுப்புகளில் பார்க்கலாம். அதனால்தான் ஒரே பிரவுன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மூன்று பரீட்சை எழுத வேண்டியிருக்கிறது.

பக்கத்துத் தெரு கிளாஸ்ல ஒரு பையன் ப்ளூ பெல்ட், என் பையன் யெல்லோ. அப்போ அவன்தான் சீனியரா?

நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. கியோகுஷின் கராத்தேயில் வரிசையே வேறு: வெள்ளை, ஆரஞ்சு, நீலம், மஞ்சள், பச்சை, பிரவுன், கருப்பு. அங்கே மஞ்சள் நீலத்துக்கு மேலே. ஷோட்டோகானில் மஞ்சள் ஆரம்பப் படி. ஐரோப்பிய ஜூடோ வரிசையில் நீலம் பிரவுனுக்கு நேர் கீழே வரும். பிரேசிலியன் ஜியு-ஜிட்ஸுவில் பெரியவர்களுக்கு வெள்ளைக்கு அடுத்ததே நீலம்தான். ஆனால் அந்த ஒரு படியைத் தாண்டவே பலருக்கு இரண்டு வருடம் ஆகிவிடும்.

ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் எந்த ஸ்டைல், எத்தனையாவது கியூ என்று கேளுங்கள். டேக்வாண்டோவில் கியூவுக்குப் பதில் கூப் என்பார்கள். எண்ணும் முறை அதேதான்.

இந்த பெல்ட் சிஸ்டம் சாமுராய் காலத்துலேருந்தே இருக்கா?

இல்லை. பழைய ஜப்பானியப் பள்ளிகளில் ஆசிரியர் காகிதச் சுருளில் சான்று எழுதிக் கொடுப்பார். இடுப்பில் நிறம் கிடையாது. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோதான் இதை மாற்றியவர். அவர் கோடோகான் பள்ளியை 1882-இல் டோக்கியோவில் தொடங்கினார். 'கோ' என்ற பலகை விளையாட்டில் ஏற்கெனவே இருந்த டான் முறையை எடுத்து, 1883-இல் சைகோ ஷிரோ, தொமிதா சுனேஜிரோ என்ற இரு மாணவர்களுக்கு முதல் டான் கொடுத்தார். டான் பெற்றவர்கள் கருப்புக் கச்சை கட்டும் பழக்கம் அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது.

கராத்தேக்கு இது ஜூடோவிலிருந்து வந்த இறக்குமதி. ஒகினாவாவிலிருந்து டோக்கியோ வந்த ஃபுனாகோஷி கிச்சின், 1924-இல் தம் மாணவர்கள் சிலருக்கு முதன்முதலாக டான் வழங்கினார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்ற வண்ண வரிசையோ ஐரோப்பாவில் வளர்ந்தது. 1930-களில் பாரிஸில் ஜூடோ கற்றுக்கொடுத்த கவாய்ஷி மிகினோசுகேயால் அது பரவலானது. ஐரோப்பிய மாணவர்களுக்கு அடிக்கடி ஓர் இலக்கு தெரிந்தால்தான் வகுப்பை விடாமல் வருவார்கள் என்பதைக் கண்டுகொண்டவர்களில் அவர் ஒருவர். இன்று நம் ஊர் வகுப்புகளில் மூன்று மாதத்துக்கு ஒரு நிறம் மாறுவதற்குக் காரணமும் அதுவே.

வெள்ளை பெல்ட் துவைக்காம அழுக்காகி அழுக்காகித்தான் கருப்பாச்சுன்னு சொல்றாங்களே?

அழகான கதை, ஆனால் உண்மை இல்லை. மேலே சொன்னபடி கருப்பு பெல்ட்டை ஒரு பள்ளி, ஒரு காலத்தில், திட்டமிட்டுக் கொண்டுவந்தது. அழுக்கேறிய துணி பழுப்பாகும், கருப்பாகாது. பயிற்சி ஏற ஏற கருப்பு பெல்ட்டில் நடப்பது இதற்கு நேர்மாறானது. மேலுறை தேய்ந்து, முடிச்சு விழும் இடத்தில் உள்ளே இருக்கும் வெள்ளைப் பருத்தி தெரிய ஆரம்பிக்கும்.

அப்போ பெல்ட்டைத் துவைக்கலாமா? "சக்தி போயிடும்"னு பெரிய மாணவர்கள் தடுக்கறாங்க.

தாராளமாகத் துவைக்கலாம். தரையில் உருண்டு பயிற்சி செய்யும் ஜூடோ, ஜியு-ஜிட்ஸுவில் கட்டாயம் துவைக்க வேண்டும். வியர்வையோடு மடித்துப் பைக்குள் வைத்த பெல்ட்டில் படர்தாமரைக் கிருமி தங்கும். அது கட்டுபவரோடு நிற்காமல் கூடப் பயிற்சி செய்பவருக்கும் ஒட்டும்.

குளிர்ந்த நீரில், தனியாகத் துவையுங்கள். சிவப்பு, நீலம், கருப்பு மூன்றும் முதல் சில அலசலில் சாயம் விடும். வெள்ளை யூனிஃபார்மோடு போட்டால் யூனிஃபார்ம் வீணாகும். வெந்நீரில் பருத்தி சுருங்கி, பெல்ட் சில சென்டிமீட்டர் குட்டையாகிவிடும். நிழலில் நீளமாகத் தொங்கவிட்டுக் காயவையுங்கள்.

பொண்ணுக்கு எந்த சைஸ் பெல்ட் வாங்கணும்? கட்டினா நுனி ரெண்டும் மேலயும் கீழயும் நிக்குதே, ஏன்?

யூனிஃபார்ம் போட்டபின் இடுப்பைச் சுற்றி அளந்து, அதை இரண்டால் பெருக்கி, 95 சென்டிமீட்டர் கூட்டுங்கள். 60 சென்டிமீட்டர் இடுப்புக்கு 215 வரும். 220 பெல்ட் சரியாக இருக்கும். குழந்தை வளரும் என்று 260 வாங்கினால் நுனிகள் முழங்கால் வரை தொங்கி, உதைக்கும்போது காலில் அடிக்கும். சர்வதேச ஜூடோ விதிப்படி முடிச்சிலிருந்து ஒவ்வொரு நுனியும் 20 முதல் 30 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கராத்தே போட்டியில் குறைந்தது 15. தொடையில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது.

கட்டும் முறை இது. சட்டையின் இடது பக்கம் மேலே வரும்படி மூடுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் அப்படித்தான். வலது பக்கத்தை மேலே போட்டு உடுத்துவது ஜப்பானில் இறந்தவர்களுக்கு. பெல்ட்டை இரண்டாக மடித்து நடுவைக் கண்டுபிடித்து, தொப்புளுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். இரு நுனிகளையும் பின்னால் கொண்டுபோய், முதுகில் குறுக்காக மாற்றி, முன்னால் கொண்டுவாருங்கள். நுனிகள் சமமா என்று இப்போதே பார்க்க வேண்டும். இடது நுனியை வலதின் மேல் போட்டு, வயிற்றில் உள்ள இரண்டு சுற்றுக்கும் அடியில் விட்டு மேலே இழுங்கள். இரண்டு சுற்றையும் சேர்த்துப் பிடிக்காமல் ஒன்றின் அடியில் மட்டும் விட்டால், பத்து நிமிடத்தில் பெல்ட் தளர்ந்து நழுவும்.

நுனிகள் மேலும் கீழுமாக நிற்பதற்குக் காரணம் அடுத்த படியில் இருக்கிறது. முதல் முடிச்சில் மேலாகப் போன அதே நுனி, இரண்டாம் முடிச்சிலும் மேலாகவே போக வேண்டும். அதை இடப்பக்கம் திருப்பி மற்ற நுனியின் மேல் போட்டு, உருவாகும் வளையத்துக்குள் கீழிருந்து நுழைத்துப் பக்கவாட்டில் இழுத்தால், நுனிகள் இரண்டு பக்கமும் படுத்துத் தொங்கும். மற்ற நுனியை மேலே போட்டுவிட்டால் முடிச்சு குறுக்காகத் திரும்பும், சீக்கிரம் அவிழும். புதுப் பெல்ட் விறைப்பாக இருந்தால் இரண்டு மூன்று நாள் இறுக்கிச் சுருட்டி வைத்துவிட்டு எடுத்துக் கட்டிப் பாருங்கள்.

பிளாக் பெல்ட் வாங்க எத்தனை வருஷம் ஆகும்?

ஷோட்டோகானில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 10-ஆம் கியூவிலிருந்து பிரவுன் வரை ஏழு பரீட்சை. ஒவ்வொன்றுக்கும் இடையில் 3 முதல் 4 மாதம் என்றால் 21 முதல் 28 மாதம். பிரவுனுக்குப் பிறகு படிக்கு 6 மாதம் வீதம் மூன்று படிக்கு 18 மாதம். ஆக, ஒரு வகுப்பையும் விடாமல், ஒரு பரீட்சையிலும் தவறாமல் போனால் மூன்றேகால் முதல் நான்கு வருடம். பள்ளிப் பரீட்சை, கோடை விடுமுறை, காய்ச்சல் எல்லாம் சேர்த்தால் ஐந்து வருடம் என்பதே நியாயமான எதிர்பார்ப்பு.

ஜியு-ஜிட்ஸுவில் கதை வேறு. பத்து வருடம் ஆவது சாதாரணம். ஜப்பானில் ஜூடோ முதல் டானை ஒன்றிரண்டு வருடத்தில்கூட வாங்குவார்கள். அங்கே அதை அடிப்படை முடிந்ததற்கான அடையாளமாகவே பார்க்கிறார்கள். ஆகவே வருடத்தை மட்டும் வைத்து எந்தக் கலை உசத்தி என்று முடிவு கட்டாதீர்கள். ஆனால் ஒரு வருடத்தில் கராத்தே கருப்பு பெல்ட் உறுதி என்று விளம்பரம் செய்யும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். மேலே போட்ட கணக்கில் எந்தப் படியை விட்டுவிட்டால் அது முடியும் என்று நேரடியாகக் கேட்டுப் பாருங்கள்.

எட்டு வயசுக் குழந்தைக்கு பிளாக் பெல்ட் குடுக்கறாங்களே, அது செல்லுமா?

இதற்குத் தெளிவான விதி வைத்திருப்பது டேக்வாண்டோ. தென் கொரியாவில் உள்ள டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோன், 15 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு டான் தருவதில்லை; பூம் என்ற தனிப் படி தரும். பூம் பெல்ட் பாதி சிவப்பு, பாதி கருப்பு. 15 வயது நிறைந்ததும் முதல் பூமை முதல் டானாக மாற்றிக்கொள்ளலாம். கோடோகான் ஜூடோவில் முதல் டானுக்குக் குறைந்தது 14 வயது. சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்ஸு கூட்டமைப்பில் நீலத்துக்கே 16, கருப்புக்கு 19. அதற்குக் கீழுள்ளவர்களுக்குச் சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று தனி வரிசை உண்டு.

கராத்தேயில் ஒவ்வொரு அமைப்பும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறது. சிறுவர் கருப்பு பெல்ட்டை 'ஜூனியர்' என்று சான்றிதழில் எழுதிக் கொடுத்து, பெரியவரானதும் மறுபடி பரீட்சை வைக்கும் வகுப்புகள் ஒழுங்கானவை. எட்டு வயதில் எந்த அடைமொழியும் இல்லாமல் முழு டான் கொடுத்திருந்தால், அந்த வகுப்புக்கு வெளியே அதைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். குழந்தையின் உழைப்பைக் குறை சொல்வதற்கில்லை. பெரியவர் எடையும் வேகமும் உள்ள எதிராளியோடு அது சோதிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

கிரேடிங்ல என்னதான் பார்ப்பாங்க? என் பையன் கட்டா முழுசா செஞ்சான், ஆனாலும் ஃபெயில் போட்டுட்டாங்க.

மூன்று பகுதி: கிஹோன் என்ற அடிப்படை அசைவுகள், கட்டா என்ற வரிசையான அசைவுத் தொகுப்பு, குமித்தே என்ற எதிராளியோடு செய்யும் பயிற்சி. ஷோட்டோகானில் 8-ஆம் கியூ பரீட்சைக்கு ஹெய்யான் ஷோடான் கட்டா. அதையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதிகம் பேர் தடுக்கி விழுவது அங்கேதான். மொத்தம் 21 அசைவு. 9-ஆவதிலும் 17-ஆவதிலும் கியாய் என்ற முழக்கம். வரிசை மறக்காமல் செய்துவிட்டால் போதும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பரிசோதகர் அதற்குப் பிறகுதான் பார்க்கவே ஆரம்பிக்கிறார்.

முதலில் கால். ஜென்குட்சு என்ற முன்கால் நிலையில் எடை முன்காலில் 60, பின்காலில் 40 பங்கு. இரண்டு பாதத்துக்கும் இடையே இடுப்பகலம் இருக்க வேண்டும். பையன்கள் கயிற்றின் மேல் நடப்பதுபோல் ஒரே கோட்டில் கால் வைப்பார்கள். 9-ஆவது அசைவு முடிந்ததும் வலதுகாலை ஊன்றி, இடதுகாலைப் பின்பக்கமாகச் சுற்றி முக்கால் வட்டம் திரும்ப வேண்டும். அகலம் இல்லாதவர் இங்கே தள்ளாடுவார். பின்கால் குதிகால் தரையை விட்டு எழும்பும். கடைசி நான்கு அசைவு கத்திக்கைத் தடுப்பு. அதற்கு நிலை கோகுட்சு என்ற பின்கால் நிலை, எடை பின்காலில் 70 பங்கு. பாதிப் பேர் பழக்கதோஷத்தில் முன்கால் நிலையிலேயே முடித்துவிடுவார்கள். அது சிறு குறையாகக் கணக்காகாது, தவறான அசைவாகவே கணக்காகும்.

அடுத்தது இழுக்கும் கை. ஒரு கை குத்தும்போது மற்றது இடுப்பு வரை வர வேண்டும். மார்புப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தால் மதிப்பெண் போகும். கட்டா முடியும் இடமும் தொடங்கிய இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டடி தள்ளி முடிந்தால் எங்கோ அடிகளின் நீளம் சமமாக இல்லை என்று அர்த்தம். வீட்டில் தரையில் ஒரு சாக்பீஸ் குறி போட்டுச் செய்யச் சொன்னால் உங்களுக்கே தெரியும்.

குமித்தேயில் ஐந்தடித் தாக்குதல் பயிற்சி வைப்பார்கள். தாக்குபவர் குத்து எதிராளியின் முகத்துக்கு நேராகப் போகிறதா, எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நண்பனுக்கு வலிக்கக் கூடாது என்று ஓரமாகக் குத்துகிற நல்ல பிள்ளைகள் தோற்பது இதனால்தான். தடுப்பவருக்கும் அதனால் பயிற்சியே கிடைப்பதில்லை.

ரெட் பெல்ட் பிளாக் பெல்ட்டை விடப் பெரிசா? போட்டில பிரவுனைக் கழட்டிட்டு ரெட் கட்டச் சொன்னாங்க.

சிவப்புக்கு நான்கு வேலை இருக்கிறது. டேக்வாண்டோவில் அது கருப்புக்கு முந்திய படி. ஜூடோவில் 9, 10-ஆம் டான்களுக்கு உரியது; அதற்கு முன் 6 முதல் 8 வரை சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் பெல்ட். ஜியு-ஜிட்ஸுவில் 9-ஆம் நிலைக்கும் அதற்கு மேலும். ஆக, ஒரே நிறம் ஓரிடத்தில் மாணவர், ஓரிடத்தில் வாழ்நாள் ஆசான்.

கராத்தே போட்டியில் கட்டச் சொன்ன சிவப்பு இவற்றில் எதுவும் இல்லை. உலக கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி ஒருவர் சிவப்பு, மற்றவர் நீலம். நடுவர் புள்ளி தருவதற்கான அடையாளம் மட்டுமே. அடுத்த சுற்றில் அதே பையன் நீலம் கட்ட நேரலாம்.

பிளாக் பெல்ட் வாங்கிட்டா சொந்தமா கிளாஸ் ஆரம்பிக்கலாமா? அதுக்கு மேல டான் எப்படி ஏறும்?

முதல் டான் ஆசிரியர் தகுதி ஆகாது. குக்கிவோன் கணக்கில் முதல் டானிலிருந்து இரண்டுக்கு 1 வருடம், இரண்டிலிருந்து மூன்றுக்கு 2, மூன்றிலிருந்து நான்குக்கு 3 வருடம் காத்திருக்க வேண்டும். மாஸ்டர் என்று சொல்லிக்கொள்வது 4-ஆம் டானிலிருந்துதான். பெரும்பாலான கராத்தே அமைப்புகளிலும் மாணவர்களுக்குக் கியூ பரீட்சை வைக்கும் உரிமை முதல் டானுக்குக் கிடையாது. தலைமை ஆசிரியரின் கண்காணிப்பில் உதவி ஆசிரியராக இருக்கலாம்.

மேல் டான்கள் உடல் திறனோடு நிற்பதில்லை; வயது, கற்பித்த காலம், சங்கத்தின் முடிவு எல்லாம் சேரும். அதனால் அநியாயமும் நடந்திருக்கிறது. கானோவின் நேரடி மாணவி ஃபுகுதா கெய்கோ 1953-இல் 5-ஆம் டான் பெற்றார். பெண்களுக்கு அதற்கு மேல் தருவதில்லை என்று கோடோகான் வைத்திருந்ததால் 6-ஆம் டானுக்கு 1972 வரை காத்திருந்தார். 9-ஆம் டானை 2006-இல், 90 வயதைத் தாண்டிய பிறகு கோடோகான் வழங்கியது. அந்த நிலையை எட்டிய முதல் பெண் அவர். வாழ்நாள் முழுக்கத் தாமதிக்கப்பட்ட மரியாதை அது.

பரீட்சையே கடினமாக இருப்பதற்கு உதாரணம் ஜப்பானிய வாள் கலையான கெண்டோ. அதில் படிக்கு நிற பெல்ட்டே கிடையாது. ஆனால் 8-ஆம் டான் எழுத 46 வயது ஆகியிருக்க வேண்டும். 7-ஆம் டான் வாங்கி 10 வருடம் கழிந்திருக்க வேண்டும். எழுதுபவர்களில் நூற்றுக்கு ஒருவர் தேறினால் அதிகம்.

சர்டிபிகேட் உண்மையானதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

சான்றிதழில் மாணவர் பெயர், பிறந்த தேதி, எத்தனையாவது கியூ அல்லது டான், பரீட்சை நடந்த தேதி, பரிசோதகரின் பெயரும் டானும், பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். "மஞ்சள் பெல்ட்" என்று மட்டும் அச்சடித்திருந்தால் வேறு எங்கும் பயன்படாது. காரணம் மேலே நிற வரிசைக் கேள்வியில் இருக்கிறது. குக்கிவோன் டான், பூம் சான்றிதழ்களை அதன் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். கராத்தே என்றால் வகுப்பு எந்தத் தலைமை அமைப்போடு இணைந்திருக்கிறது என்று கேட்டு, அந்த அமைப்புக்கே எழுதிக் கேளுங்கள்.

பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு படிக்கும் எந்த கட்டா, எந்த அடிப்படை, தோற்றால் மறுபரீட்சைக்கு எவ்வளவு கட்டணம் என்று அதில் இருக்க வேண்டும். கிரேடிங் எழுதிய எல்லோரும் எப்போதும் பாஸ் ஆகும் வகுப்பைச் சந்தேகப்படுவதில் தவறில்லை.

வீடு மாத்தறோம். புது கிளாஸ்ல பழைய பெல்ட் செல்லுமா?

ஒரே அமைப்பின் வேறு கிளை என்றால் செல்லும். கிரேடிங் பதிவுப் புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒரே ஸ்டைல், வேறு அமைப்பு என்றால் மாஸ்டர் சில வகுப்புகள் பார்த்துவிட்டு முடிவு செய்வார். ஸ்டைலே மாறினால், உதாரணமாக ஷோட்டோகானிலிருந்து கோஜுரியூவுக்குப் போனால், கட்டாக்கள் வேறு, நிற்கும் நிலைகளும் குட்டையானவை. அங்கே வெள்ளையிலிருந்து தொடங்கச் சொன்னால் மறுக்காதீர்கள். பச்சை பெல்ட்டோடு போய் நின்று ஒரு கட்டாவும் தெரியாமல் விழிப்பது பிள்ளைக்குத்தான் கஷ்டம். உடல் ஏற்கெனவே பழகியிருப்பதால் இரண்டாம் முறை வேகமாக ஏறுவார்கள்.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு பிளாக் பெல்ட் சர்டிபிகேட் போதுமா?

போதாது. பெல்ட் என்பது பயிற்சிப் படி. விளையாட்டு ஒதுக்கீட்டில் கணக்கு போட்டி மட்டும்தான். சர்வதேசம், தேசியம், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, தேசியப் பள்ளி விளையாட்டு என்று நிலை பிரித்து, உரிய அதிகாரி கையெழுத்திட்ட படிவத்தைக் கேட்பார்கள். போட்டியை நடத்தியது அங்கீகரிக்கப்பட்ட சம்மேளனமா என்பதே முதல் சோதனை. "நேஷனல்", "இன்டர்நேஷனல்" என்று பேனரில் போட்ட எல்லாப் போட்டியும் கணக்கில் வராது. மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரப் பட்டியல் அவ்வப்போது மாறும். போட்டிக்குப் பணம் கட்டும் முன் அந்த ஆண்டுப் பட்டியலைப் பாருங்கள்.

சிலம்பத்துக்கும் பெல்ட் உண்டா? பாக்ஸிங், முய் தாய்?

மரபில் சிலம்பத்துக்கு நிற பெல்ட் கிடையாது. காலடி வரிசையும் வீச்சும் கைவந்த பிறகு அடுத்ததை ஆசான் சொல்லித்தருவார். இப்போது சில பள்ளிகள் கராத்தேயைப் பார்த்து பெல்ட் தருகின்றன; அது அந்தந்தப் பள்ளியின் ஏற்பாடு. வடக்கன் களரியில் மெய்த்தாரி (உடற்பயிற்சி), கோல்த்தாரி (கம்பு), அங்கத்தாரி (உலோக ஆயுதம்), வெறுங்கை என்று பாடமே படியாக இருக்கிறது. பாக்ஸிங், முய் தாயில் எடைப் பிரிவும் வெற்றி தோல்விக் கணக்கும்தான்.

பிளாக் பெல்ட் வாங்கினா போலீஸ் ஸ்டேஷன்ல பதிவு பண்ணணுமாமே? "கை ஆயுதம்"னு கணக்காமே?

இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. பதிவுக் கட்டணம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. பெல்ட் கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் ஒரே உரிமைதான். தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்த அந்த உரிமை இடம் தராது. எதிராளி ஓடத் தொடங்கிய பிறகு துரத்திப் போய் அடிப்பது தற்காப்பில் வராது.